"பொறுமையா இரும்மா" போதாது: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்கு வரும் மன அழுத்தம், ஓர் எளிய விளக்கம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிறப்புக் குழந்தை வளர்க்கிற எந்த அம்மாவைக் கேட்டாலும், அவர் காதில் அதிகம் விழுந்த அறிவுரை "பொறுமையா இரும்மா" என்பதாகத்தான் இருக்கும். மாமியார் சொல்வார், டாக்டர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிற முன்பின் தெரியாத அக்காவும் சொல்வார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவிடம் பொறுமை வேண்டிய மட்டும் இருக்கிறது. இல்லாதது ராத்திரித் தூக்கமும், குழந்தையை அரை மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆளும். மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது, அதைச் சமாளிப்பது என்றால் உண்மையில் என்ன செய்வது என்று முதல்முறையாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர் மட்டுமல்ல, அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் நாத்தனார்களும் படித்தால் இன்னும் நல்லது.

முதலில் உடம்பு

ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936-ல் எலிகளை வைத்து ஒன்றைக் கண்டார். குளிரோ, காயமோ, நஞ்சோ, தொந்தரவு எதுவாக இருந்தாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நடந்துகொள்கிறது. முதலில் திடுக்கிட்டு உஷாராகிறது, அப்புறம் தாக்குப்பிடிக்கிறது, தொந்தரவு ஓயவே இல்லையென்றால் கடைசியில் துவண்டுபோகிறது. தெருவில் நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வீட்டுக்குள் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். இது நல்ல ஏற்பாடு, உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. ஆனால் பிள்ளைக்கு எந்நேரம் வலிப்பு வருமோ என்று வருஷக்கணக்கில் ஒரு காதைத் திறந்து வைத்தே தூங்குகிற அம்மாவுக்கு இந்தப் படபடப்பு அடங்குவதில்லை. உடம்பு எப்போதும் உஷாரிலேயே நிற்கிறது. தலைவலி, முதுகுவலி, வயிற்று எரிச்சல், சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று வருகிற கோபம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இது மனப்பிரமை அல்ல என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் (2009-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்) முதலியோர் 2004-ல், நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் தாய்மார்களின் இரத்த அணுக்களைப் பார்த்தார்கள். நம் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு, வயதாக ஆகக் குறுகிக்கொண்டே போகும். பராமரித்த வருடங்கள் கூடக் கூட அந்தத் தாய்மார்களுக்கு அது மேலும் குறுகியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த மற்ற தாய்மார்களையும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர்தான். ஆனாலும் "சும்மா வீட்டுலதானே இருக்க, உனக்கென்ன களைப்பு" என்று கேட்கிறவர்கள் ஒரு முறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அழுத்தம் குழந்தையால் மட்டும் வருவதில்லை

இதுதான் இந்த விஷயத்தில் அச்சாணி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர், போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களின் குடும்பங்களை ஆராய்ந்து 1949-ல் ஒரு விளக்கம் சொன்னார், ஏ-பி-சி-எக்ஸ் என்று அதற்குப் பெயர். ஏ என்பது நடந்த சம்பவம். பி என்பது கைவசம் இருக்கிற ஆதரவுகள்: ஆள், பணம், அறிவு, அரசு உதவி. சி என்பது அந்தக் குடும்பம் அதற்குக் கொடுக்கிற அர்த்தம். இந்த மூன்றும் சேர்ந்துதான் எக்ஸ், அதாவது குடும்பம் நொடிந்துபோகிறதா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. ஒரே மாதிரிக் குறைபாடுள்ள பிள்ளைகள் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்று ஓரளவு நிம்மதியாகவும் இன்னொன்று தத்தளித்துக்கொண்டும் இருப்பதற்குக் காரணம் இது. மெக்கப்பின், பேட்டர்சன் என்ற இருவர் 1983-ல் இதில் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: கஷ்டம் ஒரே ஒரு தடவை வருவதில்லை, காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பல வீடுகளைச் சேர்த்துச் சொல்கிறேன், எந்த ஒரு குடும்பத்தையும் குறிப்பதில்லை. ஆறு வயதுப் பையன், ஆட்டிசம் (பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறுவிதமாக வளர்கிற நிலை), பேச்சு இன்னும் வரவில்லை. தக்காளி ஏற்றப் போகிற டெம்போ சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான், அடுத்த நிமிடமே கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடுவான். அதற்காகக் கதவுக் கொக்கியைப் பெரியவர்கள் எக்கித் தொடுகிற உயரத்தில் அடித்திருக்கிறார்கள். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், பையனை அங்கே வைத்துக்கொள்ள முடியாமல் நின்றுவிட்டார். குழுக் கடனுக்கு வாரத் தவணை இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்குத் தர்மபுரி போய்வந்தால் அன்று முழுக்க வேறு எந்த வேலையும் ஆகாது. பையனுக்கு ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் நான்கு மணி வரை குதித்துக்கொண்டே இருப்பான்.

இதில் ஆட்டிசம் எது, மற்றது எது என்று பிரித்துப் பாருங்கள். தவணை ஆட்டிசம் அல்ல. பஸ் ஆட்டிசம் அல்ல. கணவர் பக்கத்தில் இல்லாததும் அல்ல. ஆனால் அந்த அம்மா ஒரு நாள் பையனை அடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழும்போது, பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் பிள்ளையின் கணக்கிலோ அவருடைய பொறுமையின் கணக்கிலோ எழுதிவிடுகிறார்கள். குறைபாட்டின் கடுமையைவிட, குழந்தையின் நடத்தைச் சிக்கல்களும் தூக்கக் கேடும்தான் பெற்றோரின் அழுத்தத்தை அதிகம் கூட்டுகின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. இது ஒருவகையில் நல்ல செய்தி. ஆட்டிசத்தை மாற்ற முடியாது. தூக்கத்தையும் ரோட்டுக்கு ஓடுவதையும் பயிற்சியால், தேவைப்பட்டால் மருந்தால், ஓரளவு மாற்ற முடியும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது "பேச்சு எப்ப வரும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், "ராத்திரி தூங்க மாட்டேங்கிறான், எங்களாலும் தூங்க முடியல" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்குரிய விஷயம்தான்.

சி என்று சொன்ன அர்த்தத்துக்கு வருவோம். நம் பக்கம் இது பெரிய சுமை. "போன ஜென்மத்துப் பாவம்", "கிரகணத்துல வெளிய வந்திருப்பா", "அக்கா மகளைக் கட்டினதால வந்தது". இந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவே நம்பத் தொடங்கிவிடுகிறார். நேராகச் சொல்லிவிடலாம்: டவுன் சிண்ட்ரோம் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது, சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூளை முடக்குவாதம் பெரும்பாலும் குறைமாதப் பிரசவம், கருவிலோ பிரசவத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பு, நோய்த்தொற்று போன்றவற்றால் வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால் சில மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அப்படிப் பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள், பிறந்துவிட்ட பிள்ளையைக் காட்டித் தாயைக் குத்துவதற்கு அது காரணமும் ஆகாது. படித்தவர்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். தாயின் அன்பு குறைந்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60-களில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். பிறகு அது முழுத் தவறென்று ஒதுக்கப்பட்டது, ஆனால் அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் குற்ற உணர்விலேயே வாழ்ந்து முடித்துவிட்டார்கள். அந்தக் கொடுமையை நாம் இங்கே நம் வாயால் தொடர வேண்டாம்.

திரும்பத் திரும்ப வரும் துக்கம்

குழந்தைக்கு இன்ன குறைபாடு என்று தெரிந்தபோது அழுதாயிற்று, ஏற்றுக்கொண்டாயிற்று, இப்போது ஏன் திடீரென்று மறுபடி அழுகை வருகிறது என்று பல பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர் 1962-ல் இதற்கு நாள்பட்ட துக்கம் என்று பெயர் வைத்தார். இது நோயல்ல, இப்படிப்பட்ட நிலைமையில் யாருக்கும் இயல்பாக வருவது என்பதே அவர் சொன்னது. நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, பக்கத்து வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு பாஸ், கூடப் பிறந்த தம்பி வளர்ந்து அண்ணனைத் தாண்டிவிடுகிற நாள், இப்படிப்பட்ட நேரங்களில் அது எழும்பும். எழும்பினால் பின்னடைவு என்று அர்த்தமில்லை. விசேஷத்துக்குப் போகப் பிடிக்கவில்லையென்றால் ஒரு தடவை போகாமல் இருக்கலாம், யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தடவையும் போகாமல் இருந்தால்தான் வீடு தனிமைப்பட்டுப்போகும்.

இந்தத் துக்கமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கனத்தே இருப்பது, எதிலும் ஆர்வமில்லாமை, பசியும் தூக்கமும் குலைவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற எண்ணம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாமா என்ற நினைப்பு, இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கடைசியாகச் சொன்ன நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்கே பேசுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

சமாளிப்பது என்றால்

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984-ல் சொன்னது இன்றும் பயன்படுகிறது. மனிதன் ஒரு கஷ்டத்தைப் பார்த்ததும் மனதுக்குள் இரண்டு கேள்வி கேட்கிறான்: இது எனக்கு எவ்வளவு ஆபத்து? இதற்கு என்னால் என்ன செய்ய முடியும்? பதிலைப் பொறுத்து இரண்டு வழிகளில் இறங்குகிறான். ஒன்று, பிரச்சினையையே மாற்றப் பார்ப்பது. இன்னொன்று, பிரச்சினையால் மனதில் எழுகிற வலியை ஆற்றிக்கொள்வது. இரண்டுமே தேவை. எதற்கு எது என்று பொருத்திப் பார்ப்பதில்தான் சூட்சுமம்.

மாற்றக்கூடியதற்கு முதல் வழி. கதவுக் கொக்கியை உயர்த்தி அடித்தது அப்படிப்பட்ட ஒன்று. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் புரையேறும், இருமும், பாதி வெளியே வரும், ஒரு வேளை சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுக்கும், அம்மாவுக்குக் கை விட்டுப்போகும். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருகிற மாதிரி முதுகுக்கும் கழுத்துக்கும் தாங்கல் வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தலை லேசாக முன்சாய்ந்து இருக்கும்படி பிடித்து, கூழைக் கெட்டியாக்கிச் சின்னக் கரண்டியால் கொடுத்தால் பிள்ளைக்கும் நல்லது, நேரமும் குறையும், அம்மாவின் தோளும் பிழைக்கும். இப்படி ஒரே ஒரு வேளையைச் சுலபமாக்குவதே பெரிய மன அழுத்த நிவாரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யோகா வகுப்பைவிட இது முதலில் வர வேண்டும். பயிற்சியாளர் வீட்டில் செய்யச் சொல்லிப் பத்துப் பயிற்சி கொடுத்தால், "எங்களால ரெண்டுதான் முடியும், எந்த ரெண்டு முக்கியம்னு சொல்லுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். முடியாத பத்தைச் சுமந்துகொண்டு தினமும் குற்ற உணர்வோடு படுப்பதைவிட அது பிள்ளைக்கும் நல்லது.

மாற்ற முடியாததற்கு இரண்டாவது வழி. அழுவது, கோயிலுக்குப் போவது, அம்மா வீட்டில் இரண்டு நாள் இருப்பது, இதே நிலைமையில் இருக்கிற இன்னொரு அம்மாவிடம் மனம் விட்டுப் பேசுவது. கடைசியாகச் சொன்னதற்கு ஈடே கிடையாது. பயிற்சி மையத்தின் வராந்தாவில் காத்திருக்கும்போது தொடங்குகிற பழக்கம்தான் பெரும்பாலும், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு, அப்புறம் "உன் பொண்ணுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிட்டியா, நான் கூட வரட்டுமா அக்கா" என்று வளர்கிறது. விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

சிக்கல் வருவது பொருத்தம் மாறும்போதுதான். மாற்ற முடியாததை மாற்றியே தீருவேன் என்று கடன் வாங்கிச் சேலம், பெங்களூர், கேரளா என்று அலைகிறவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, ஆனாலும் அதன் பெயரில் லட்சங்களை இழக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மாறாக, மாற்றக்கூடியதை "தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு; வலிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அப்படித்தான். மூன்றாவது ஒன்று, கண்டுகொள்ளாமல் விலகிப்போவது. அப்பாக்களிடம் இது அதிகம். வேலை, வேலை என்று வீட்டுக்கு வராமல் இருப்பது, வந்தால் குடி. அவர்களுக்கும் வலி இருக்கிறது, அதைச் சொல்ல வார்த்தையும் இடமும் கிடையாது, "ஆம்பள அழலாமா" என்று வளர்த்துவிட்டோம். ஓர் அப்பாவைப் பயிற்சிக்கு ஒரே ஒருமுறை கூடவே கூட்டிப்போய், பிள்ளையோடு செய்ய ஒரு வேலையை அவருக்கென்று ஒதுக்கிக் கொடுத்தால், குளிக்க வைப்பதோ வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போவதோ, பல வீடுகளில் நிலைமை மாறுகிறது.

ஓய்வைப் பற்றி ஒன்று. போர்வெல்லில் தண்ணீர் வற்றிப்போனால் நம் ஊரில் யாரும் மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டுவதில்லை, நிறுத்தி ஊறவிட்டு அப்புறம்தான் போடுகிறோம். அம்மாவுக்கும் அந்த இடைவெளி வேண்டும். வாரத்தில் ஒரு மதியம் சித்தியோ தாத்தாவோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும், ஆனால் அந்தக் கிழமை நிரந்தரமாக இருக்க வேண்டும். "எப்ப வேணா கூப்பிடு" என்று சொல்கிற சொந்தக்காரரைவிட, "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வரேன்" என்று சொல்லி வருகிறவர் ஆயிரம் மடங்கு உதவி.

கைவசம் இருக்க வேண்டிய உதவிகள்

பி என்ற ஆதரவைக் கூட்டுவதற்குச் சட்டமும் திட்டமும் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் யூடிஐடி அட்டையையும் (நாடு முழுக்கச் செல்லும் அடையாள அட்டை) முதலில் வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அதைக் கேட்டுத்தான் வரும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் உண்டு. பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிற ஏற்பாடு உண்டு. சின்னக் குழந்தையிடம் சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தருகிற மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். "இவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் தொடங்குகிற பயிற்சிதான் அதிகம் பலிக்கும். இதற்கெல்லாம் அலைவதும் ஒரு சுமைதான், மறுக்கவில்லை. கலெக்டர் அலுவலகத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்; தாள்களைப் பிடித்துக்கொள்ள ஒருவர், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் என்று போங்கள். சொந்தக்காரர்கள் பொறுமையை உபதேசிப்பதற்குப் பதில் செய்ய வேண்டிய உதவி இதுதான்.

எல்லாப் பெற்றோருக்கும் அடிமனதில் ஒரு பயம் உண்டு: "எங்களுக்கு அப்புறம் யாரு?" மற்ற எந்த அழுத்தத்தைவிடவும் இது ஆழமானது, ராத்திரியில்தான் வரும். இதை முழுக்கத் தீர்க்கிற மருந்து கிடையாது, ஆனால் இதில் மாற்றக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது ஆனதும், தானாகச் சொந்த முடிவு எடுக்க முடியாத நிலையிலிருந்தாலும், சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. பெற்றோரும் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனோ அக்காவோ பிற்பாடு பார்த்துக்கொள்வார்கள் என்று மனதில் வைத்திருந்தால், அதை அவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், முடியாது என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை வைத்து யார் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யலாம்.